கணினிக்குள் நம் எழுத்து



ஆண்டுமலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், "ரோபோ, ராக்கெட்னு ஏதாவது பெரிசா எழுதுடா" என்றார்கள் அறை நண்பர்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்தான். தினமும் செல்போனில் நாம் தட்டுகிற தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் எப்படி உட்காருகிறது? சில சமயம் அது ஏன் உடைந்து, உருத் தெரியாமல் போகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்ல முயல்கிறேன். பிழை இருந்தால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஊர் ஏற்காடு மலையில் வெள்ளக்கடைப் பக்கம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காபி எஸ்டேட்டில் கூலி வேலை. அப்பா கைநாட்டு.

முதலாமாண்டில் உதவித்தொகைக்காக ஒரு விண்ணப்பக் கடிதம் தமிழில் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு மலையிறங்கி வந்தார். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 60 ரூபாய் கொடுத்து டைப் செய்தோம். பென் டிரைவிலும் ஏற்றிக்கொண்டோம். கடிதத்தைப் பார்த்த எழுத்தர், "ஒரு வரி தப்பா இருக்கு, மாத்திட்டு வா" என்றார். சென்டருக்கு ஓடினால் பூட்டியிருந்தது. சரி, ஹாஸ்டலில் சீனியர் அண்ணன் லேப்டாப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று பென் டிரைவைச் செருகினேன். கடிதம் திறந்தது. ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து பக்கம் முழுக்க ஏதோ இருந்தது.

அப்பா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எனக்குத்தான் எழுத்து தெரியாது. இந்த மிஷினுக்குமாடா தெரியாது?"

கணினிப் பொறியியல் படிக்க வந்த எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் கடைசித் தேதி. கையாலேயே கடிதம் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போனது. அந்தக் கேள்விக்கு நான் பிறகு தேடிப் படித்த பதில்தான் இந்தக் கட்டுரை.

எஸ்டேட் பேரேடும் எழுத்துப் பட்டியலும்

அப்பா கேட்டது சரிதான். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண் மட்டுமே. அதுவும் 0, 1 என்ற இரண்டு. இதை நாம் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் எழுத்து எப்படி வருகிறது?

எங்கள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் உண்டு. சாயங்காலம் எடை போடும்போது மேஸ்திரி '37, இத்தனை கிலோ' என்று எழுதிக்கொள்வார். 37 யார் என்று பேரேட்டைப் பார்த்தால் தெரியும். அது எங்கள் அப்பா. அதே சீட்டைப் பக்கத்து எஸ்டேட் பேரேட்டோடு ஒப்பிட்டால் 37 வேறு யாரோ ஒருவர். அப்பாவின் கூலி அவருக்குப் போய்விடும்!

கம்ப்யூட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. எழுத்துக்குப் பதில் எண்ணைச் சேமிக்கிறது. காட்டும்போது ஒரு பட்டியலைப் பார்த்து, அந்த எண்ணுக்கு உரிய எழுத்தை வரைகிறது. இந்தப் பட்டியலைத்தான் குறியேற்றம் என்கிறோம். எழுதிய இடத்திலும் படிக்கும் இடத்திலும் ஒரே பட்டியல் இருந்தால் எழுத்து எழுத்தாகவே வரும். பட்டியல் மாறினால் எல்லாம் மாறிவிடும்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பட்டியல் சீக்கிரமே கிடைத்துவிட்டது. 1963-ல் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்ற தரம் வெளியானது. 7 பிட், ஆகவே 128 இடம். பெரிய 'ஏ' எழுத்துக்கு எண் 65, 'பி'க்கு 66. ஆங்கிலத்தில் 26 எழுத்து. சிறியதும் பெரியதும் சேர்த்தால் 52. அதோடு எண்களும் குறிகளும் சேர்ந்தாலும் 128-ல் அடங்கிவிட்டது.

தமிழுக்கு ஆளுக்கொரு பட்டியல்

நம் எழுத்து எத்தனை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துக்கள் தனி. ஒரு பைட்டில், அதாவது 8 பிட்டில், மொத்தமே 256 இடம்தான். அதில் முதல் 128-ஐ ஆங்கிலம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. மீதி 128-ல் 247-ஐ எப்படி உட்கார வைப்பது?

இதற்கு வழியைத் தமிழ் டைப்ரைட்டர் ஏற்கெனவே காட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த முன்னோடி. டைப்ரைட்டரில் 247 விசை வைக்க முடியாது. எனவே எழுத்தைத் துண்டாக்கிக்கொண்டார்கள். துணைக்கால் ஒரு விசை, ஒற்றைக்கொம்பு ஒரு விசை, புள்ளி ஒரு விசை. 'கா' வேண்டுமானால் 'க' அடித்துத் துணைக்கால் அடிக்க வேண்டும்.

1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' ஏட்டில் கையாண்ட வடிவங்கள் இவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துக்கள் தனி உருவத்தை விட்டுத் துணைக்காலும் இணைக்கொம்பும் போட்ட வடிவத்துக்கு வந்தன. துண்டுகளைச் சேர்த்து எழுத்து உண்டாக்கும் இயந்திரங்களுக்கு இது வசதியாகப் போயிற்று.

கம்ப்யூட்டர் வந்தபோது பலர் இந்தத் துண்டுகளையே எழுத்துருவாக வரைந்தார்கள். சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அந்த இடத்தில் தமிழ்ப் படத்தை மட்டும் வரைந்து வைத்தார்கள். உதாரணமாக, 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிவது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்றுதான் தெரியும். சீனியர் அண்ணன் லேப்டாப்பில் நடந்தது இதே மாதிரி விஷயம்தான். 37-ஆம் நம்பர் சரியாகத்தான் வந்து சேர்ந்தது. பேரேடுதான் வேறு!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ஆகியோர் 1990-களில் இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்தவர்கள். மின்னஞ்சல் மூலம் பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து 'திஸ்கி' என்ற பொதுப் பட்டியலை உருவாக்கினார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியிலும் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற இரு பட்டியல்களையும் 'தமிழ்99' என்ற விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் பழைய எழுத்துருக்களும் ஒழியவில்லை. பட்டியல் ஒன்றாவதற்குப் பதில் பலவாக நின்றது.

யூனிகோடு: ஊருக்கெல்லாம் ஒரே பேரேடு

இதற்கிடையே உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் என்ற எண்ணத்தில் 1991-ல் யூனிகோடு முதல் பதிப்பு வந்துவிட்டது. அதில் எந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே நம்பர் கிடையாது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம். 'அ' 2949. 'க' 2965. விண்டோஸ் 2000-ல் 'லதா' எழுத்துருவோடு தமிழ் யூனிகோடு கிடைத்த பிறகு இது மெல்லப் பரவியது. இன்று நம் செல்போனில் வருவதும் இதுதான்.

128 இடத்தில் 247 எழுத்து எப்படி அடங்கியது? 216 உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுக்கவில்லை. அகரம் ஏறிய 18 எழுத்துக்கு மட்டும் இடம். புள்ளி, துணைக்கால், கொம்பு முதலிய குறிகளுக்குத் தனி இடம். இவற்றைச் சேர்த்து மற்றவற்றை உண்டாக்க வேண்டும். நம் ஊர்ப் பெயரையே பார்ப்போம்.

ஏற்காடு:
ஏ = 2959
ற = 2993
புள்ளி = 3021
க = 2965
துணைக்கால் = 3006
ட = 2975
உகரக் குறி = 3009

நாம் எழுதுவது நான்கு எழுத்து. கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வது ஏழு எண்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் இலக்கணம் 'க்' என்ற மெய்யோடு 'அ' சேர்ந்தால் 'க' என்கிறது. யூனிகோடு தலைகீழாக, 'க'வோடு புள்ளி சேர்ந்தால் 'க்' என்கிறது. இந்திய மொழிகளுக்காக ஏற்கெனவே இருந்த 'இஸ்கி' பட்டியலைப் பின்பற்றியதால் வந்த அமைப்பு இது. அதனால்தான் 'க' 2965-ல் இருக்க, 'ங' 2969-ல் இருக்கிறது. நடுவில் மூன்று இடம் காலி. இந்தியில் க-வுக்கு நான்கு வகை உண்டல்லவா, அந்தக் கணக்கு!

இது நம் மொழிக்குப் பொருந்தவில்லை, எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. அப்படி அமைந்த பட்டியல்தான் 'டேஸ்16'. 2010-ல் தமிழக அரசு யூனிகோடு, டேஸ்16 இரண்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனால் டேஸ்16 யூனிகோடில் யார் வேண்டுமானாலும் சொந்தமாகப் பயன்படுத்திக்கொள்ள விட்டிருக்கும் பகுதியில் அமைந்தது. எனவே சாதாரணமாக ஒரு செல்போனுக்கு அது புரியாது. நாம் அன்றாடம் புழங்க யூனிகோடே வழி.

கொம்பு இடம் மாறிய கதை

யூனிகோடு வந்தாலும் தொல்லை முழுதாக ஒழியவில்லை. ஒரு பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் வெள்ளக்கடை என்பது விசித்திரமாக அச்சாகியிருந்தது. 'வ' தனியாக நிற்க, கொம்பு தள்ளிப்போய் அடுத்த 'ள'வோடு ஒட்டிக்கொண்டது. கடைசி இணைக்கொம்பு 'ட'வுக்குப் பின்னால் அநாதையாகக் கிடந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினால் "இது எந்த ஊருடா?" என்றிருப்பார்.

காரணம் இதுதான். 'வெ' என்று எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். டைப்ரைட்டரிலும் பழைய எழுத்துருவிலும் அதே வரிசை. யூனிகோடில் ஒலி வரிசை. முதலில் 'வ', பிறகு கொம்பு. காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை தெரியாத மென்பொருள் வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் விழும். எண்ணில் பிழை இல்லை, வரைவதில்தான் பிழை. நல்ல மென்பொருளில் திறந்தால் அதே கோப்பு ஒழுங்காகத் தெரியும். ஆகவே அழித்துவிட்டு மறுபடி டைப் செய்ய அவசரப்படாதீர்கள்!

பைட் கணக்கும் எஸ்.எம்.எஸ். கணக்கும்

2965 என்ற எண் ஒரு பைட்டில் அடங்காது. ஒரு பைட்டின் உச்சம் 255. இதற்காக 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 'யூடிஎஃப்-8' என்ற முறையை வகுத்தார்கள். நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேசை விரிப்புக் காகிதத்தில் இதற்குக் கணக்குப் போட்டார்களாம். இந்த முறையில் ஆஸ்கி எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

இதை நம் லேபிலேயே சோதிக்கலாம். புதிய விண்டோஸ் நோட்பேடில் ஏற்காடு என்று மட்டும் டைப் செய்து, யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, கோப்பின் அளவைப் பாருங்கள். 7 எண், ஆளுக்கு 3 பைட், மொத்தம் 21 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்தால் 7 எழுத்து, 7 பைட்.

எஸ்.எம்.எஸ்.சிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் ஓர் எழுத்து கலந்தாலும் 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70-ல் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம் போகும். ஏற்காடு என்று பத்து முறை எழுதினால் செய்தி நிரம்பிவிடும். "தமிழ்ல அனுப்பினா ரெண்டு மெசேஜ் காசு போகுது" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் விளக்கம்.

டைப் செய்யும் வழிகள்

குறியேற்றம் வேறு, விசைப்பலகை வேறு. விசைப்பலகை எதுவானாலும் உள்ளே போவது யூனிகோடாக இருக்கலாம். மூன்று வழிகள் பிரபலம்.

முதலாவது, டைப்ரைட்டர் முறை. தட்டச்சு லோயர், ஹையர் தேறியவர்களுக்கு இது பழகிய கை.

இரண்டாவது, ஒலிபெயர்ப்பு முறை. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வரும். சீக்கிரம் பழகலாம். ஆனால் ந-ன, ல-ள-ழ, ர-ற தேர்வதில் தடுமாற்றம் வரும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது என் குறை.

மூன்றாவது, தமிழ்99. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் பெரும்பாலான மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் 'ந்த' ஆகும். எங்கள் ஊர் வெள்ளக்கடைக்கு வ, எ, ள, ள, க, க, ட, ஐ, எட்டே தட்டு. யூனிகோடில் பத்து எண்ணாகப் பதிவாவதை எட்டுத் தட்டில் முடித்துவிடலாம். எனக்குப் பழக இரண்டு வாரம் ஆனது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

கடைசியாக, நம்மில் பலர் செய்யும் பிழைகள் சில.

'கௌரி' என்பதைக் கெ, ள, ரி என்று அடித்துவிடுகிறோம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். பட்டியலில் தேடினால் கிடைக்காது.

'கொ' என்பதை க-வோடு ஒகரக் குறி (3018) சேர்த்தும் வைக்கலாம். கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்தும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. எல்லா மென்பொருளும் அதைக் கேட்பதில்லை.

'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு வழி. 2005-ல் 'ஶ' (2998) யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முன் 'ஸ' (3000) போட்டுத்தான் எழுதினார்கள். இன்றும் இரண்டு விதமும் புழங்குகின்றன. ஸ்ரீ என்று பெயர் தொடங்கும் நண்பர்கள், ஏதாவது பட்டியலில் தேடி அகப்படாவிட்டால் பதற வேண்டாம். இன்னொரு விதத்திலும் தேடுங்கள்.

அகர வரிசையிலும் கவனம் தேவை. யூனிகோடில் ன-வின் எண் 2985, ய-வுக்கு 2991. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் புரோகிராம், 'கயிறு' என்பதற்கு முன் 'கனி'யை வைத்துவிடும். நம் நெடுங்கணக்கில் ன-தானே கடைசி! புராஜெக்டில் தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துவோர், தமிழ் வரிசைக்கான விதியைப் பயன்படுத்த வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

தோழர்களே! நம் மலர்க் குழுவுக்கு வரும் கட்டுரைகளையே பாருங்கள். ஒருவர் ஒரு பழைய எழுத்துருவில் தருகிறார், இன்னொருவர் வேறொன்றில் தருகிறார். அச்சுக்குப் போகும்போது யாராவது ஒருவர் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் எல்லோரும் யூனிகோடிலேயே தருவோம். டைப் செய்ய வெளியே கொடுத்தால், "யூனிகோடுல அடிச்சுக் கொடுங்க" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய கோப்பு கையில் இருந்தால், எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கி வையுங்கள். எழுத்துருவின் பெயர் மறந்துபோனால், பேரேடு தொலைந்த சீட்டு மாதிரி ஆகிவிடும்.

உதவித்தொகை, சாதிச் சான்று, பட்டா என்று நம் வீட்டுப் பெரியவர்களின் பெயர் ஏறாத கம்ப்யூட்டர் இன்று இல்லை. அந்தப் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவர்களால் பார்க்க முடியாது. படிக்க வந்த நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் பெயரைச் செல்போனில் டைப் செய்து காட்டினேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும் என்று எஸ்டேட் பேரேட்டை வைத்து விளக்கினேன். அவர் பெயருக்கு ஏழு நம்பர் என்றேன்.

"எஸ்டேட்ல எனக்கு ஒரு நம்பர்தான்டா. இதுல ஏழா?" என்று சிரித்தார். பிறகு, "ஏழும் சரியா இருக்கான்னு பார்த்துக்க" என்றார்.

பார்த்துவிட்டேன். சரியாக இருந்தது.



— மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு